காதைத் துளைக்கும் காற்று

கேள்வி: நெடுஞ்சாலையில் பைக் ஓட்டி இறங்கினால் காதில் 'ஙொய்' என்கிறது. காதுக்கு அளவெடுத்துச் செய்யும் இயர் பிளக் கட்டுப்படியாகவில்லை. மலிவான வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் சாதாரண நுரை பிளக்கைச் சரியாகப் போட்டுப் பாருங்கள். மெல்லிசாக உருட்டி, மறுகையால் காது மடலை மேலே இழுத்துச் செருகி, விரியும்வரை பிடித்திருங்கள். பாதி பேர் நுனியை மட்டும் சொருகிவிட்டு 'வேலைக்காகாது' என்பார்கள்!

அது உறுத்தினால், இரண்டு சிலிகான் மாவுகளைப் பிசைந்து காதில் வைத்து இறுகவிடும் கிட் வாங்கலாம். நான் போடுவது அதுதான். வெளியே துருத்தினால் ஹெல்மெட் மாட்டும்போது பிடுங்கிக்கொள்ளும், தட்டையாக அழுத்திவிடுங்கள். காதில் சீழோ செவிப்பறையில் ஓட்டையோ இருந்தால் இந்த வேலை வேண்டாம்.

100 கி.மீ. வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 95 டெசிபலைத் தாண்டலாம். 'ஙொய்' மறுநாளும் ஓயாவிட்டால் காது மருத்துவரிடம் போங்கள்.