அம்மா அப்பா கனடா வந்தால் பென்சன் எப்போது கிடைக்கும்?

தம்பி, அப்பாவுக்கு 63, அம்மாவுக்கு 58, இரண்டு பேரையும் ஸ்பொன்சரில் கூப்பிட்டால் அப்பாவுக்கு 65 ஆனதும் கனடா அரசு பென்சன் தருமா என்று கேட்டிருந்தீர்கள். வேலை இடத்தில் யாரோ தரும் என்றார்களாம். தராது. அடுத்த வருடமே வந்து இறங்கினாலும் பென்சன் கிடைக்க அப்பாவுக்கு 74 வயது ஆகும், அம்மாவுக்கு 69.

முதியோர் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கு, அதாவது இங்கே எல்லோரும் ஓஏஎஸ் என்று சொல்வதற்கு, 65 வயது மட்டும் போதாது. 18 வயதுக்குப் பிறகு குறைந்தது 10 வருடம் கனடாவில் குடியிருந்திருக்க வேண்டும். பொது வரிப்பணத்தில் இருந்து கொடுப்பது என்பதால் இங்கே ஒரு நாளும் வேலை செய்யாதவருக்கும் உண்டு. ஆனால் முழுத்தொகை 40 வருடம் இருந்தவருக்குத்தான். 10 வருடத்துக்கு நாற்பதில் பத்துப் பங்கு. பென்சன் தொடங்கிவிட்டால் அந்தப் பங்கு அப்படியே நிற்கும், பிறகு இருக்கிற வருடங்களுக்காக அது ஏறாது.

கால் பங்கு எந்த மூலைக்குக் காணும்? அங்கேதான் ஜிஐஎஸ் வருகிறது. வேறு வருமானம் குறைந்த முதியவர்களுக்கு ஓஏஎஸ்ஸுக்கு மேலே கொடுக்கிற காசு அது, வரியும் இல்லை. பிந்தி வந்த எங்கள் பெற்றோர் பலருக்குச் செலவைத் தாங்குவது இதுதான். ஆனால் ஸ்பொன்சர் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை இது கிடைக்காமல் போகலாம், கேட்டு உறுதிப்படுத்துங்கள். கணவன் மனைவி இருவரின் வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அப்பா ஊரில் வாத்தியாராக இருந்து பென்சன் எடுக்கிறார் என்றீர்கள், அதையும் காட்ட வேண்டும். சிலர் மறைக்கச் சொல்லித் தருவார்கள், கேட்காதீர்கள். ரூபாயில் வருகிற பென்சன் டொலரில் பெரிய தொகை இல்லை, குறைவதும் கொஞ்சம்தான். மறைத்துப் பிடிபட்டால் வாங்கியதைத் திருப்பிக் கட்ட நேரும். வருமானம் ஒன்றுமே இல்லாவிட்டாலும் வருடாவருடம் ஏப்ரல் 30க்குள் இருவருக்கும் வரிக்கணக்குக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஜூலையோடு ஜிஐஎஸ் நின்றுபோகலாம்.

எங்கள் ஆட்கள் அதிகம் மாட்டுப்படுவது ஊருக்குப் போவதில். குளிர் தாங்காமல் போவார்கள், கோயில் திருவிழா வரும், பிறகு ஒரு கல்யாணம் வரும், அப்படியே எட்டு மாதம் ஓடிவிடும். ஆறு மாதத்துக்கு மேல் வெளியில் நின்றால் ஜிஐஎஸ் நிற்கும். கனடாவில் 20 வருடம் இருக்காதவர்களுக்கு ஓஏஎஸ்ஸும் நிற்கும். பென்சன் வர முன்னமே, அந்த 10 வருடத்தைச் சேர்க்கிற காலத்திலும், நீண்ட காலம் வெளியில் இருந்தது கேள்விக்கு வரும். விண்ணப்பத்தில் எப்போது வந்தீர்கள், எங்கே இருந்தீர்கள் என்று கேட்பார்கள். பழைய பாஸ்போர்ட்டுகளை எறியவே வேண்டாம்.

பென்சன் வரும்வரை மட்டுமல்ல, ஒப்பந்தம் முடியும்வரை அவர்களைப் பார்ப்பது உங்கள் பொறுப்பு. ஸ்பொன்சர் பத்திரத்தில் அதற்குத்தான் கையெழுத்து வாங்குகிறார்கள். கியூபெக் தவிர மற்ற இடங்களில் பெற்றோருக்கு அது 20 வருட ஒப்பந்தம். இடையில் அவர்கள் வெல்பெயர் என்கிற அரச உதவிப்பணம் எடுத்தால் அந்தக் கடன் உங்கள் தலையில் விழும். ஆனால் மருத்துவத்துக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். ஒன்ராறியோவில் நிரந்தர வதிவிட உரிமையோடு வருகிறவர்களுக்கு ஓஹிப் என்கிற மாகாண மருத்துவக் காப்புறுதி கிடைக்கும். அது உள்ளவர்களுக்கு 65 ஆன அடுத்த மாதத்தில் இருந்து மருந்துச் செலவின் பெரும்பகுதியை மாகாணம் ஏற்கும். பென்சனுக்குச் சொன்ன பத்து வருடக் கணக்கு இதற்கு இல்லை.

10 வருடம் முடிந்தால் பென்சன் தானாக வரும் என்று இருந்துவிடாதீர்கள். முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். பிந்தினால் பின்னோக்கி 11 மாதம் வரைதான் தருவார்கள்.

சரி, கடைசியில் உங்களைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், சம்பளத் துண்டு இல்லாமல் கைக்காசுக்கு வேலை செய்வதாக. சிபிபி என்கிற கனடா பென்சன் பிளான் ஓஏஎஸ் மாதிரி இல்லை, கட்டினால்தான் வரும். வருடத்தின் முதல் 3,500 டொலர் போக மிச்சச் சம்பளத்தில், ஒரு வரம்பு வரை, நூற்றுக்கு 5.95 உங்களிடம் பிடிப்பார்கள், அதே அளவு முதலாளியும் போடவேண்டும். கைக்காசில் அவர் தன் பங்கை மிச்சம் பிடிக்கிறார், உங்கள் பெயரில் ஒரு சதமும் ஏறாது. அந்த வேலையை விட்டு, சம்பளத் துண்டு தருகிற இடமாகப் பாருங்கள்.