மறதிநோய் உள்ள மாமியாரைத் தனியாகக் கவனிக்கும் நான் தளராமல் இருப்பது எப்படி?

மாலையானதும் "வீட்டுக்குப் போகணும்" என்று மாமியார் புறப்படுவதையும், இதுதான் வீடு என்று விளக்கி விளக்கி நீங்கள் சோர்வதையும் எழுதியிருக்கிறீர்கள். டிமென்ஷியா எனப்படும் இந்த மறதிநோய் உள்ள பலருக்குப் பொழுது சாயும்போது குழப்பமும் பதற்றமும் கூடும்; அது பிடிவாதமன்று, மூளையின் பாதிப்பு என்பதால், வாதிடுவதை விட்டு, இருட்டுமுன்பே விளக்கைப் போட்டு, அவர் போக நினைக்கும் அந்த வீட்டைப் பற்றி அவரையே பேசவைத்து, பூத்தொடுப்பது போன்ற பழகிய வேலையொன்றைக் கையில் கொடுங்கள். திடீரென ஓரிரு நாளில் குழப்பம் பெருகினால் சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

கணவரிடமும் நாத்தனாரிடமும் பொதுவாக உதவி கேட்காமல், எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம் என்று குறித்துக் கேளுங்கள். அந்நேரத்தில் நீங்கள் உறங்குவது தன்னலம் அன்று. இதை அழுத்தியே சொல்கிறேன். மனம் தாளாத இரவுகளில், 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.