பீப்பாயில் இருக்கும் ஒயினுக்கு என்ன விலை தகும்?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (ஹாரோ, லண்டன்): அம்மா, நான் வழக்கமாக ஒயின் வாங்கும் கடையிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. பிரான்சின் போர்தோவில் பேர்பெற்ற ஒரு ஷத்தோ (ஒயின் தயாரிக்கும் திராட்சைத் தோட்டம்), பீப்பாயில் இருக்கும் தன் புது ஒயினின் விலையைச் சென்ற ஆண்டைவிடக் கால் பங்கு குறைத்திருக்கிறதாம். ஆறு பாட்டில் பெட்டி 600 பவுண்டு, வரி தனி. இப்போதே முழுப் பணமும் கட்ட வேண்டும். இரண்டு வருடம் கழித்துப் பெட்டி வரும். "இந்த விலை இனிக் கிடைக்காது" என்கிறார்கள். விலை நியாயமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சேமிப்புப் பணத்தை இதில் போடலாமா?

பதில்: கால் பங்கு குறைந்தது என்ற செய்தியை முதலில் ஒதுக்கி வையுங்கள். எந்த விலையிலிருந்து குறைந்தது என்று பாருங்கள். போன வருடம் கேட்டதே அநியாய விலை என்றால், அதில் கால் பங்கு கழிந்தாலும் மிச்சம் நியாய விலை ஆகிவிடாது. 2022 அறுவடைக்குப் பெரிய ஷத்தோக்கள் விலையை நன்றாக ஏற்றின. 2023 அறுவடையை 2024 வசந்தத்தில் விற்க வந்தபோது லஃபீத் ரோத்ஷீல்ட் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கி வந்தது. அப்படியும் அந்தப் பருவத்தில் விற்பனை மந்தம்தான். அதே ஷத்தோக்களின் பழைய, இன்னும் நல்ல வருடத்து ஒயின்கள் பல கிட்டத்தட்ட அதே விலைக்கு, சிலது அதற்கும் கீழே, கிடங்கில் தயாராக இருந்தன. வாங்குகிறவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

லண்டனில் ஒரு ஒயின் வணிகரிடம் கொள்முதல் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் நான். ஏப்ரலில் போர்தோ போய்ப் பீப்பாய் மாதிரிகளைச் சுவைத்துவிட்டு வருவோம். மே, ஜூன் மாதங்களில் காலையில் ஒவ்வொரு ஷத்தோவாக விலையை வெளியிடும். வேண்டும், வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லியாக வேண்டும். அந்த அவசரத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு தாள். அதை நீங்களும் வீட்டில் போட்டுக்கொள்ளலாம்.

அந்த ஷத்தோவின் கடந்த பத்து வருட ஒயின்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது இன்று விற்கும் விலை. வெளியான நாளின் விலை வேண்டாம். எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும்: ஆறு பாட்டில் பெட்டி, வரி கட்டும்வரை சரக்கை வைத்திருக்கும் சுங்கக் கிடங்கில் இருப்பது, தீர்வையும் வாட்டும் சேராதது. இங்குதான் பலருக்குக் கணக்கு தவறும். கடை அலமாரியில் ஒட்டியிருக்கும் விலையில் 20 சதவீத வாட்டும் மதுத் தீர்வையும் அடக்கம். அதோடு முன்விற்பனை (பீப்பாயில் இருக்கும்போதே விற்பது) விலையை ஒப்பிட்டால் எதுவும் மலிவாகத்தான் தெரியும். வைன் சர்ச்சர் தளத்தில் வரியோடும் வரியின்றியும் விலைகளைப் பார்க்கலாம். விலைக்குப் பக்கத்தில், நீங்கள் நம்பும் ஒரு விமர்சகர் அந்த வருடத்துக்குக் கொடுத்த மதிப்பெண். ஒரே ஆள்தான், இந்த வருடத்துக்கு ஒருவர், அந்த வருடத்துக்கு இன்னொருவர் என்று எடுக்கக் கூடாது. கடைசி வரியில் உங்களுக்கு வந்த 600 பவுண்டு.

இப்போது மேலே பாருங்கள். புது ஒயினுக்குச் சமமான மதிப்பெண், அல்லது அதைவிட மேல், ஆனால் விலை 600க்குக் கீழ் என்று ஒரு வருடமாவது இருக்கிறதா? இருந்தால் மின்னஞ்சலை மூடிவிட்டு அந்த வருடத்தை வாங்குங்கள். அது பாட்டிலில் அடைத்தாயிற்று, கிடங்கில் இருக்கிறது, நாளைக்கே உங்கள் பேருக்கு மாறும், சில வருடங்கள் முதிர்ந்தும் இருக்கிறது. போர்தோவில் 2014க்கும் 2019க்கும் எதிரே உங்கள் விரல் நிற்க வாய்ப்பு அதிகம். 2014ஐச் சந்தை வெகுநாள் கண்டுகொள்ளவே இல்லை. 2019 ஒயின் கொரோனா ஊரடங்குக் காலமான 2020 கோடையில் வந்தது. உலகமே பயந்துபோயிருந்த நேரம் என்பதால் பொந்தே கானே முதலிய ஷத்தோக்கள் விலையைக் கணிசமாகக் குறைத்து வெளியிட்டன. முன்விற்பனை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் காட்டுவது அந்த வருடத்தைத்தான்: ஒயினும் உயர்தரம், விலையும் கிடங்கில் இருந்த அதன் அண்ணன்மார்களைவிடத் தெளிவாகக் குறைவு.

தெளிவாக என்றால் எவ்வளவு? உங்கள் 600ஐயே எடுத்துக்கொள்வோம். அந்தப் பணம் வங்கியில் இருந்தால் வருடத்துக்கு 4 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி வரும் இரண்டு வருடத்தில் அது 649 ஆகியிருக்கும். பெட்டி வந்த உடனே யாரும் விற்பதில்லை. இன்னும் மூன்று வருடம் வைத்திருக்கிறீர்கள். ஐந்து வருடக் கூட்டுவட்டியோடு 730. அந்த மூன்று வருடக் கிடங்கு வாடகை, காப்பீடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 12 பவுண்டு என்றால் 36. ஆகமொத்தம் 766. விற்றுக்கொடுப்பவர் 10 சதவீதம் கழிவு எடுத்தால், 851க்கு விற்றால்தான் உங்கள் கைக்கு 766 வரும். அதாவது ஒயின் 42 சதவீதம் ஏறினால்தான் நீங்கள் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஏறும் என்று யார் சொன்னாலும் இந்த 851ஐக் காட்டிக் கேளுங்கள்.

அதனால்தான், இன்றே கையில் கிடைக்கும் நிகரான வருடத்தைவிட 15, 20 சதவீதமாவது குறைவாக இருந்தாலொழிய முன்விற்பனையில் வாங்காதீர்கள் என்கிறேன். இது என் அளவுகோல். இதைவிடத் தாராளமாக இருப்பவர்களும் உண்டு. பெரும்பாலும் அவர்கள் விற்கும் பக்கத்தில் இருக்கிறார்கள்.

விலை எங்கே தீர்மானமாகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஷத்தோ உங்கள் கடைக்கு நேரடியாக விற்பதில்லை. கூர்த்தியே என்ற தரகர் 2 சதவீதம் வாங்கிக்கொண்டு பேசி முடிப்பார். நெகோசியான் என்ற மொத்த வணிகர் வாங்கி, தன் பங்கை ஏற்றி, உலகம் முழுக்க இருக்கும் வணிகர்களுக்கு விற்பார். அதன் பிறகுதான் உங்கள் கடை. ஒரு வருடம் வேண்டாம் என்று சொல்லும் நெகோசியானுக்கு அடுத்த நல்ல வருடத்தில் ஒதுக்கீடு குறையலாம். அந்தப் பயத்தில் விலை பிடிக்காவிட்டாலும் எடுத்துக்கொள்வார்கள். சரக்கு தேங்கும், தேங்கிய சரக்கு பிறகு தள்ளுபடியில் வெளியே வரும். "இனிக் கிடைக்காது" என்று எழுதியிருந்த எத்தனையோ பெட்டிகள் மூன்றாம் வருடம் அதே விலைக்கும் கீழே விற்றதை நான் அந்த மேசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

ஏறிய காலமும் உண்டு. 2008 தொடக்கத்தில் ஹாங்காங் ஒயினுக்கான வரியை நீக்கியது. சீனப் பணம் போர்தோவுக்குள் வந்தது. அதுவும் லஃபீத் என்ற பெயரைத் தேடி வந்தது. நிதி நெருக்கடியின் நடுவே 2009 வசந்தத்தில் மலிவாக வெளியான 2008 லஃபீத் பல மடங்கு ஏறியது. பாட்டிலில் சீனர்கள் ராசியாக நினைக்கும் 8 என்ற எண் சீன எழுத்தில் பொறிக்கப்படும் என்று 2010இல் அறிவித்தபோது இன்னும் துள்ளியது. அந்தச் சூட்டில் 2009, 2010 அறுவடைகளை உச்ச விலைக்கு வெளியிட்டார்கள். 2011 நடுவிலிருந்து சந்தை இறங்கியது. 2010ஐ முன்விற்பனையில் வாங்கியவர்கள் பலர் போட்ட பணத்தைக்கூடப் பார்க்க ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அது மிகச் சிறந்த ஒயின், இன்றும் அப்படித்தான் சொல்வேன். ஒயின் நன்றாக இருப்பதும் அதன் விலை நியாயமாக இருப்பதும் வேறு வேறு விஷயம்.

இன்னொன்று: பவுண்டில் வாங்கும் உங்களுக்கு யூரோ மாற்று விகிதமும் ஒரு சூதாட்டம். 2016 ஜூன் பிரெக்ஸிட் வாக்கெடுப்புக்கு முன்னால் 2015 ஒயினுக்குப் பணம் கட்டியவர்கள், பவுண்டு சரிந்ததும் தங்கள் பெட்டி விலை ஏறிவிட்டது என்று மகிழ்ந்தார்கள். அந்த ஏற்றத்தில் ஒரு பகுதி ஒயினால் வந்ததே அல்ல. தாளை நிரப்பும்போது யூரோ வெளியீட்டு விலையையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

சேமிப்புப் பணத்தைப் போடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். குடிக்க நினைக்கும் ஒயினுக்கு, குடிக்கும் அளவுக்கு வாங்குங்கள்.

கேள்வி (டொராண்டோ): ஒயின் பீப்பாயில் இருக்கும்போதே நூற்றுக்கு 98–100 என்று மதிப்பெண் போடுகிறார்களே, அதை நம்பலாமா?

பதில்: ஏப்ரலில் சுவைப்பது ஆறு, ஏழு மாதக் குழந்தை. 225 லிட்டர் ஓக் பீப்பாயில் இன்னும் ஓராண்டாவது இருக்கப்போகிற ஒயின். நாக்கும் பல்லும் கறுத்துப்போகும். துவர்ப்பு ஈறில் ஒட்டிக்கொள்ளும். எந்தப் பீப்பாயிலிருந்து மாதிரி எடுப்பது என்று முடிவு செய்வது ஷத்தோதான். இறுதிக் கலவை அதிலிருந்து சற்று மாறவும் கூடும். காலையில் திறந்த மாதிரி மாலைக்குள் தளர்ந்துவிடும். அதனால்தான் ஒற்றை எண் கொடுக்காமல் 96–98 என்று வீச்சாகக் கொடுக்கிறார்கள். பாட்டிலில் அடைத்தபின் மறுபடி சுவைத்துத்தான் ஒற்றை எண் வரும். விற்பனைக் கடிதங்கள் வீச்சின் மேல் எண்ணை மட்டும் எடுத்துப் போடும். நீங்கள் கீழ் எண்ணை எடுத்துக் கணக்குப் போடுங்கள்.

1982 அறுவடையைத் தொடக்கத்திலேயே தூக்கிப் பிடித்து அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் புகழ்பெற்றார். அதன்பிறகு பல்லாண்டு காலம் அவர் ஒருவரின் எண்ணே விலையை அசைத்தது. 2019இல் அவர் ஓய்வு பெற்றார். இப்போது பலர் எழுதுகிறார்கள். எந்த ஒயினுக்கும் எங்கோ ஒருவர் 98 கொடுத்திருப்பார். அறுவடைக் காலத்து மழை, வெயில் பற்றி எழுதுகிறவரைப் படியுங்கள். 2013இல் குளிரும் மழையும், 2017 ஏப்ரலில் உறைபனி, 2022இல் கடும் வறட்சி என்று தெரிந்திருந்தால் எண்ணைப் பார்க்காமலே பாதி விஷயம் விளங்கும்.

கேள்வி (பாரிஸ்): பணம் கட்டிய பிறகு கடையே மூடிவிட்டால் என்ன செய்வது?

பதில்: அந்தப் பயம் நியாயமானது. உங்கள் ஊரிலேயே 1855 என்ற இணைய ஒயின் நிறுவனம் பணம் வாங்கியவர்களுக்கு ஒயின் கொடுக்காமல் 2015இல் திவாலானது. மறு ஆண்டே கலிபோர்னியாவில் பெர்க்லியில் இருந்த பிரீமியர் க்ரூ வீழ்ந்தது. தான் வாங்கவே வாங்காத முன்விற்பனை ஒயினை விற்று, புதிதாக வருகிறவர் பணத்தில் பழைய பாக்கியைத் தீர்த்துக்கொண்டிருந்ததாக அதன் உரிமையாளர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். மற்ற எல்லாரையும்விட அங்கே விலை குறைவாக இருந்தது; அதுதான் ஆட்களை இழுத்தது.

எனவே சந்தை விலைக்கு வெகுவாகக் கீழே யாராவது கேட்டால் பணம் கட்டாதீர்கள். பல முன்விற்பனைப் பருவங்களைக் கண்ட கடையா என்று பாருங்கள். நெகோசியானிடமிருந்து ஒதுக்கீடு உறுதியாகிவிட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். ஷத்தோ பெயர், அறுவடை ஆண்டு, பெட்டி எண்ணிக்கை, பாட்டில் அளவு, ஒப்படைக்கும் காலம் எல்லாம் ரசீதில் இருக்க வேண்டும். ஒயின் வந்ததும் கடையின் பொதுக் கணக்கில் கிடக்க விடாமல், கிடங்கில் உங்கள் பெயரிலுள்ள கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி (விம்பிள்டன், லண்டன்): எங்கள் பேத்தி 2024இல் பிறந்தாள். அவள் 21வது பிறந்தநாளுக்கு அதே வருட ஒயின் வாங்கி வைக்க ஆசை.

பதில்: மனசுக்கு நிறைவான கேள்வி. இங்கே மேலே சொன்ன தாள் உதவாது. அவளுக்கு 2024தான் வேண்டும், 2019 ஆகாது. ஆனால் 2024 போர்தோவில் மழையும் பூஞ்சையும் படுத்திய வருடம். பெயருக்காக விலை கொடுக்காமல், நல்ல ஷத்தோவாகப் பார்த்து, 1.5 லிட்டர் மேக்னம் பாட்டிலில் வாங்குங்கள். பெரிய பாட்டிலில் ஒயின் மெதுவாக முதிரும். 21 வருடம் தாங்க அது துணை. முன்விற்பனையின் உண்மையான வசதிகளில் இதுவும் ஒன்று: பாட்டிலில் அடைக்கும் முன்பே சொல்வதால் வேண்டிய அளவைக் கேட்டு வாங்கலாம். 2024க்கு அந்தப் பருவம் 2025 வசந்தத்திலேயே வந்தது. கடையிடம் மேக்னம் ஒதுக்கீடு மிச்சம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சோத்தேர்ன் இனிப்பு ஒயினையும் விசாரியுங்கள். அது பல பத்தாண்டுகள் தாங்கும், விலையும் சிவப்பு ஒயின் அளவுக்குப் போகாது. 21 வயதுப் பெண்ணுக்கு முதல் வாயிலேயே பிடிக்கவும் கூடும்.