பங்குனியில் பிடுங்குவது

வணக்கம் ஐயா,

தாம்பரத்தில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். மார்கழியிலும் தையிலும் அவரை, தக்காளி எல்லாம் காய்த்துத் தள்ளின. இப்போது பங்குனி. செடிகள் காய்ந்துகொண்டிருக்கின்றன, ஆனால் பிடுங்க மனம் வரவில்லை. வெறும் பைகளைப் பார்க்க நேரும் என்று மாடி ஏறவே பிடிக்கவில்லை. கோடையிலும் தோட்டம் பசுமையாக இருக்க வழி சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

பிடுங்கிவிடுங்கள். வருத்தம் நியாயமானதுதான். ஆடியில் விதைத்த கொடி அவரை, மாதக்கணக்கில் வெறும் இலையாகப் படர்ந்து நம் பொறுமையைச் சோதித்துவிட்டு, பகல் குறுகிய பிறகுதான் பூக்கிறது. அத்தனை நாள் காத்திருந்து வளர்த்ததை ஒரே காலையில் அறுத்துப்போடக் கை வராது. ஆனால் அதன் காலம் முடிந்துவிட்டது. இனி அது சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத்தான் வளர்க்கும். பக்கத்தில் காராமணி இருந்தால் அதற்கும் பரவும். இரவிலும் வெக்கை தணியாத நாட்களில் தக்காளியும் பூவை உதிர்த்துவிடும். எவ்வளவு உரம் போட்டாலும் பிஞ்சு நிற்காது.

வருடம் முழுக்கப் பச்சையாகவே இருக்க வேண்டும் என்ற ஆசைதான் உங்களைச் சோர்வாக்குகிறது. பட்டம் பார்த்து விதைத்தவர்கள் கோடையில் நிலத்தை உழுது காயப்போட்டார்கள். ‘சித்திரை உழவு பத்தரை மாற்றுத் தங்கம்’ என்றது அதற்காகத்தான். நம் பைகளுக்கும் அது பொருந்தும். மண்ணைத் தார்ப்பாயில் கொட்டி, வேர்களைப் பொறுக்கி எடுத்துவிட்டு, வெயிலில் பரப்புங்கள். கூட்டுப்புழுக்கள் மடியும், வேரைத் தாக்கும் நூற்புழு குறையும். தக்காளி வேர் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு வந்திருக்கிறது. அந்த வேரை மக்குக்குழியில் போடாதீர்கள். ஆனியில் தொழுவுரமும் வேப்பம்புண்ணாக்கும் கலந்து, லேசாக நீர் தெளித்து வைத்தால் ஆடிக்கு மண் தயார்.

எனக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும். ஐப்பசி அடைமழையில் பையில் தண்ணீர் தேங்கிவிட்டதா என்று பதறி ஓடுகிறோம். மார்கழியில் பறித்து மாளவில்லை. சித்திரையில் செடிகள் நம்மிடம் எதுவும் கேட்பதில்லை. விடிந்ததும் மண்ணைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த அரைமணி நேரத்தை நான் அறுவடை நாளுக்குக்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கண்ணுக்குப் பச்சை வேண்டுமென்றால் நான்கைந்து பைகளில் கொத்தவரையும் தண்டுக்கீரையும் போடுங்கள். கத்திரி வெயிலுக்குக் கொத்தவரை சளைக்காது. வேர் மூட்டில் காய்ந்த இலைகளை மூடாக்காகப் போட்டு, வெயில் ஏறுமுன் தண்ணீர் விடுங்கள்.

அவரையை அறுக்குமுன் நன்றாக முற்றிக் காய்ந்த நெற்றுகளை மட்டும் பறித்துக்கொள்ளுங்கள். உரித்து, விதையை உலர்த்தி, சாம்பலில் புரட்டி டப்பாவில் மூடி வையுங்கள். வண்டு விழாது.

அன்புடன்.