பூஸ்டரை விடுங்கள், மோட்டாரைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, சோழவரம் பக்கம் இரண்டு ஏக்கர். மார்ச் நடுவில் ஆடுதுறை 43 நெல் நாற்று விட்டேன். பயிர் கரும்பச்சையாக நன்றாக வந்தது. ஜூன் முதல் வாரம் பூத்தது. இப்போது கதிரில் பாதி பதர். தண்ணீருக்குக் குறைவே இல்லை, போர்வெல் மோட்டார் எப்போதும் ஓடுகிறது. கடைக்காரர் ஒரு பூஸ்டர் மருந்து தருகிறார். அடித்தால் பால் பிடிக்குமா?

பதில்: பிடிக்காது, வாங்காதீர்கள். பதர் ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உமியில் கரும்புள்ளி இருந்தால் கதிரின் பாலை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியின் வேலை. புள்ளியும் இல்லை, உள்ளே ஒன்றும் இல்லை என்றால் கருவே கட்டவில்லை. நெல் பூ காலை ஒன்பதிலிருந்து உச்சிக்குள் வாய் திறந்து மூடிவிடும். அந்த நேரம் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுவிடும். கத்திரி முடிந்தும் சென்னையில் 38 டிகிரி அடிக்கிறதே! பூத்து முடிந்த கதிரை எந்த மருந்தும் நிரப்பாது. அது தெரிந்தும் விற்பது அநியாயம். அடுத்த சொர்ணவாரிப் பட்டத்துக்கு ஏப்ரல் கடைசியில் நாற்று விடுங்கள், பூ ஜூலை நடுவுக்குத் தள்ளிப்போகும்.

சரி, நீங்கள் கேட்காததற்கு வருகிறேன். எப்போதும் ஓடுகிற அந்த போர்வெல். சேற்றில் கால் வைத்ததும் குபுகுபுவென்று குமிழி வருகிறதல்லவா? அதில் மீத்தேன் இருக்கிறது. தண்ணீர் கட்டியே கிடந்தால் மண்ணுக்குள் காற்று போகாது, காற்றில்லாத இடத்து நுண்ணுயிர்கள் அதை உண்டாக்கும். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட சுமார் 28 மடங்கு சூடேற்றும் வாயு அது. உங்கள் பூவைக் கருக்கிய சூட்டில் நம் வயல்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் மீத்தேன் பத்துப் பன்னிரண்டு ஆண்டில் காற்றிலிருந்து கழிந்துவிடும். இன்று குறைத்தால் நம் பிள்ளைகள் காலத்திலேயே பலன் தெரியும்.

அதனால்தான் காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது வயலைக் காயவிட்டுப் பிறகு தண்ணீர் பாய்ச்சுங்கள் என்று கத்திக்கொண்டே இருக்கிறேன். ஒரு அடி நீள பிவிசி பைப், கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை. துளைப் பாதியை மண்ணில் இறக்கி உள்ளே இருக்கும் சேற்றை எடுத்துவிடுங்கள். பைப்புக்குள் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு மோட்டார் போட்டால் போதும். நட்ட இரண்டு வாரத்திலிருந்து இப்படிச் செய்யலாம். விளைச்சல் குறையாது, மீத்தேன் பாதி வரை குறையும். கரண்டு இலவசம்தான், நிலத்தடி நீர் இலவசமில்லை.

அப்புறம், அந்தக் கரும்பச்சை யூரியாவின் நிறம். காயவிடும் வயலில் யூரியாவை அள்ளிக் கொட்டினால் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவாகப் போகும், அது கரியமில வாயுவைவிட 270 மடங்கு மோசம். இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையைப் பார்த்து, பிரித்துப் பிரித்துப் போடுங்கள்.

பூக்கும் வாரத்திலும், அதற்கு முன் ஒரு வாரமும் பின் ஒரு வாரமும் மட்டும் காயவிட வேண்டாம். அப்போது 5 செ.மீ. தண்ணீர் நிற்கட்டும்.