மகளின் கோதுமை ஆய்வைப் பற்றிக் கவலைப்படும் அம்மாவுக்கு

அம்மா, வணக்கம். குளிர்காலத் தானியங்களில் இயற்கை முறையையும் ரசாயன முறையையும் ஒப்பிட்டு முதுகலை ஆய்வு செய்யப் போகிறேன் என்று உங்கள் மகள் சொன்னதிலிருந்து, "இயற்கைப் பக்கம் போனால் வேலை கிடைக்குமா?" என்று கவலைப்படுகிறீர்கள். எந்தப் பக்கமும் சாயாமல் அளந்து பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் இந்தத் துறையில் மதிப்பு.

குளிர்காலக் கோதுமையை இலையுதிர் காலத்தில் விதைப்பார்கள். குளிரில் அடங்கிக் கிடந்துவிட்டு வசந்தம் வந்ததும் மளமளவென்று எழும்பும். தழைச்சத்து (நைட்ரஜன்) நிறையக் கேட்பது அப்போதுதான். ஆனால் மண்ணில் குளிர் விட்டிருக்காது. எருவையும் பசுந்தாளையும் மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் வேலை செய்யும். ரசாயன மேலுரம் போட்ட வயல் கரும்பச்சையாகும்போது, பக்கத்து இயற்கை வயலில் அடி இலைகள் மஞ்சளோடி நிற்கலாம். விளைச்சலும் தானியத்தின் புரதமும் குறைவதற்கு இந்தப் பசி ஒரு பெரிய காரணம். அதற்காகவே முந்தைய பருவத்தில், மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும் குளோவர் போன்ற பயறு வகைப் பயிரைப் போட்டு மடக்கி உழுகிறார்கள்.

சுவிட்சர்லாந்தில் 1978 முதல் இரு முறைகளையும் அருகருகே வைத்துச் சோதிக்கிறார்கள். 2002-ல் வெளியான 21 ஆண்டுக் கணக்கில் இயற்கை முறையின் விளைச்சல் சராசரியாக 20 சதவீதம் குறைவு. அதோடு நிறுத்திவிட்டால் இயற்கை தோற்றதாகத்தான் தெரியும். ஆனால் உரமும் எரிசக்தியும் 34 முதல் 53 சதவீதம் வரை குறைவாகச் செலவாகியிருந்தன. இரண்டையும் சேர்த்து வாசிக்கத் தெரிய வேண்டும், அதுதான் படிப்பு.

வேலை என்று பார்த்தால் மண் பரிசோதனை, விதை ஆராய்ச்சி, பயிர் ஆலோசனை, மாவு ஆலைகளின் தரக் கட்டுப்பாடு, இயற்கைச் சான்றிதழ் ஆய்வு எல்லாம் இருக்கின்றன. களைக்கொல்லிக்கு அசையாத களைகள் கோதுமை வயல்களில் பெருகிவிட்டதால், ரசாயன விவசாயிகளே இன்று பயிர்ச்சுழற்சியைத் தேடி வருகிறார்கள். இரு முறையும் தெரிந்தவரை அவர்களுக்கும் தேவைப்படும்.

எனக்கு இருக்கும் ஒரே பயம் வேறு. ஒரே பருவத்து விளைச்சலை வைத்து முடிவு சொல்லும் ஆய்வாக இது போய்விடக் கூடாது. ஏற்கெனவே பல ஆண்டுகளாக நடக்கும் சோதனை வயலில் சேர்ந்துகொள்வது நல்லது. அப்புறம், புள்ளியியலை இப்போதே உருப்படியாகப் படிக்கட்டும். தலைப்பை உறுதி செய்யும் முன் வழிகாட்டிப் பேராசிரியரிடம் இரண்டு கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள்: அந்த வயலில் போன பருவம் என்ன பயிர் நின்றது? விளைச்சலோடு புரதத்தையும் அளக்க வசதி இருக்கிறதா?