நன்னடத்தைப் பிணைக் காலம் முடியும் முன்பே விடுதலை வாங்கி ராணுவத்தில் சேர முடியுமா?

கேள்வி கேட்ட தம்பிக்கு இருபது வயசு. அடிதடி வழக்கில் இரண்டு வருஷ நன்னடத்தைப் பிணை, அதில் இன்னும் ஒன்பது மாதம் பாக்கி. அதற்குள் அக்னிவீர் ராலி, அதாவது ராணுவத்துக்கு நாலு வருஷ வேலைக்கு ஆள் எடுக்கும் முகாம் வந்துவிடும், அதனால் முன்கூட்டியே விடுவிக்கச் சொல்லிக் கோர்ட்டில் கேட்கலாமா என்கிறார்.

கேட்கலாம். கிடைக்கவும் கிடைக்கும், நாங்கள் வாங்கியிருக்கிறோம். ஆனால் அதை வாங்கிவிட்டால் வழி திறந்துவிடும் என்று நினைத்திருந்தால், கொஞ்சம் உட்கார்ந்து இதைப் படியுங்கள்.

நான் வக்கீல் இல்லை. என் சொந்தத் தம்பிக்காக நாலு வருஷம் கோர்ட் வராண்டாவில் காத்துக் கிடந்தவள், எனக்குள்ள தகுதி அவ்வளவுதான். ரவுடிக்கு வக்காலத்தா என்று கேட்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவன் அடித்தது தப்பு. அடிபட்ட அண்ணனின் நெற்றியில் தழும்பு இன்னும் இருக்கிறது, எதிரே வந்தால் நான்தான் தலையைக் குனிந்துகொண்டு போகிறேன்.

2018 பங்குனிப் பொங்கல். முளைப்பாரி ஊர்வலத்தில் ரேடியோ செட்டை எந்தத் தெருவில் நிறுத்துவது என்று ஆரம்பித்த வாய்ச்சண்டை. பந்தல் குழாயைப் பிடுங்கி அடித்தவர்கள் இரண்டு பேர், என் தம்பியும் எங்கள் சித்தப்பா மகனும். எஃப்.ஐ.ஆரில் வந்தது ஒரு பெயர்தான். இன்னொரு பெயர் எப்படிக் காணாமல் போனது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை, சித்தப்பாவுக்குத் தெரிந்த ஆட்கள் உண்டு, எங்கள் அப்பா உயிரோடு இல்லை. போட்ட பிரிவுகள் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 294(பி) ஆபாசமாகத் திட்டியது, 323 காயப்படுத்தியது, 324 ஆபத்தான பொருளால் காயப்படுத்தியது, 506(2) கொலை மிரட்டல். நம் ஊர்ப் பக்கம் சண்டை என்றால் இந்த நாலும் தேங்காய் பழம் மாதிரி ஒரே தட்டில்தான் வரும்.

இதில் 324தான் எங்களுக்கு எமன், அது அப்போது எங்களுக்குத் தெரியாது. வெறும் 323 என்றால் இரு தரப்பும் பேசி, அந்தக் கோர்ட்டிலேயே சமாதானம் எழுதி முடித்துக்கொள்ளலாம். 324ஐ அப்படி முடிக்க முடியாது. சமாதானம் ஆகிவிட்டது என்று காட்டி உயர் நீதிமன்றத்தில், எங்களுக்கு மதுரைக் கிளை, குற்றவியல் நடைமுறைச் சட்டம் 482இல் மனு போட்டு வழக்கையே ரத்து செய்யக் கேட்க வேண்டும். (இப்போது அந்தச் சட்டம் மாறிவிட்டது, அதற்குப் பதில் வந்த பி.என்.எஸ்.எஸ்.ஸில் 528.) அடிபட்ட அண்ணன் சமாதானத்துக்குத் தயாராகத்தான் இருந்தார். அம்மா போய் அவர் வீட்டு வாசலில் நின்றுவிட்டு வந்த பிறகு, "பையன் வாழ்க்கை வீணாப் போக வேண்டாம்கா" என்று அவர் வாயாலேயே சொன்னார். ஆனால் எங்கள் வக்கீல் சொன்னது: "மதுரைக்கெல்லாம் எதுக்கும்மா அலைச்சல், ஒத்துக்கிட்டா நன்னடத்தையில விட்டுருவாங்க, இன்னைக்கே முடிஞ்சிரும்." அம்மா தீப்பெட்டி ஆபீசில் ஒரு நாள் லீவு எடுத்தால் அந்த நாள் கூலி போச்சு. இன்றைக்கே முடியும் என்பது அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2021 பிப்ரவரியில் ஒப்புக்கொண்டான். குற்றவாளி என்று தீர்ப்பு, ஆனால் தண்டனை சொல்லாமல், 1958ஆம் வருஷ நன்னடத்தைச் சட்டம் பிரிவு 4இல் இரண்டு வருஷ பாண்டு. அதாவது இந்தக் காலத்தில் ஒழுங்காக இருப்பேன், கூப்பிட்டால் வந்து தண்டனையை வாங்கிக்கொள்வேன் என்று எழுதிக் கொடுப்பது. கூடவே நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பு, மாதம் ஒரு தடவை போய்க் கையெழுத்து. நாங்கள் அன்றைக்கு அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். ஜெயில் இல்லை என்பதை வழக்கே இல்லை என்று புரிந்துகொண்டோம்.

அவன் எட்டாவது படிக்கும்போதிருந்தே பட்டாளம் பட்டாளம் என்று ஓடிக்கொண்டிருந்தவன். எங்கே ஓடினான் என்கிறீர்கள், ஊரில் இருக்கிற ஒரே மைதானத்துக்கு நடைப்பயிற்சி சங்கம் என்று சொல்லிப் பூட்டு போட்டுவிட்டார்கள். மாதச் சந்தா கட்டினால் உள்ளே விடுவார்களாம். சந்தா கட்டுகிறவர்கள் ஆறரை மணிக்குக் காரில் வந்து இரண்டு சுற்று நடந்துவிட்டு அரை மணி நேரம் அரசியல் பேசுவார்கள், பட்டாளத்துக்கும் போலீசுக்கும் போக வேண்டிய பையன்கள் இருட்டில் நாலரை மணிக்கு நான்குவழிச் சாலை ஓரம் லாரிக்குப் பயந்துகொண்டு ஓடுவார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் எங்கேயாவது எழுத வேண்டும் என்று இருந்தது.

சரி. அவன் 2000இல் பிறந்தவன். பழைய கணக்கில் 21 வயசோடு ஜிடி எனும் பொதுப்பணிக்கு வாசல் மூடிவிடும். கொரோனாவால் 2020, 2021 இரண்டு வருஷமும் ஆள் எடுப்பு முடங்கிவிட்டது. முடிந்தது என்று நாங்கள் அடங்கிவிட்டோம். அப்போதுதான் 2022 ஜூனில் அக்னிபத் அறிவித்தார்கள், நாடு முழுக்கக் கலவரம் வந்ததும் அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் வயசு வரம்பை 23 ஆக்கினார்கள். நாலு வருஷ வேலைக்கு இவ்வளவு ஆசையா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். முதல் வருஷம் மாதம் 30,000 என்று சொல்லி, அதில் 9,000 சேவா நிதி எனும் சேமிப்புக்குப் பிடித்தது போகக் கையில் 21,000, நாலு வருஷம் கழித்து 11.71 லட்சம். நூற்றில் இருபத்தைந்து பேர் வரைதான் தொடர்ந்து இருக்க முடியும், அதுவும் தெரியும். எங்கள் தெருவில் அந்தக் கணக்குக்குப் பக்கத்தில்கூட எந்த வேலையும் வராது.

அவனுக்குக் கடைசி வாய்ப்பு அது. பாண்டு முடிவதோ 2023 பிப்ரவரியில். உங்கள் நிலைமைதான், அப்படியே.

அதே வக்கீல் எங்கள் பெயரில் ஒரு மனு போட்டார். ராணுவத்தில் சேர்ந்து நாட்டுக்குச் சேவை செய்ய விரும்புகிறார், ஆகையால் கருணை கூர்ந்து என்று மூன்று பக்கம். ஒரே வாரத்தில் ரிட்டர்ன். அதே நன்னடத்தைச் சட்டத்தின் பிரிவு 8(3) என்ன சொல்கிறது என்றால், இனிமேல் இவருக்குக் கண்காணிப்பு தேவையில்லை, நடத்தை அப்படி இருக்கிறது என்று நன்னடத்தை அலுவலர் மனு கொடுத்தால், கோர்ட்டுக்குத் திருப்தி இருந்தால், பாண்டை ரத்து செய்யலாம். மனு அவரிடமிருந்து வர வேண்டும். பாண்டில் இருப்பவர் நேரே போட முடியாது, அவருடைய அக்காவோ வக்கீலோ போடவும் முடியாது. இந்த ஒரு வரியைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒன்றரை மாதமும் ஒரு ஜோடி கம்மலும் ஆயிற்று.

அந்த அலுவலரிடம் நானே போனேன். நல்ல மனுஷர், ஆனால் முகத்தைக் கடுகடுவென்று வைத்திருப்பார். அவர் கேட்டது ராணுவத்தைப் பற்றியே இல்லை. "மாசாமாசம் வந்தானா? வந்தான். வேலைக்குப் போறானா? சம்பளச் சீட்டு இருக்கா? அடிபட்டவர் வீட்டோட இப்ப எப்படி?" கண்காணிப்பு உத்தரவு ஒரு வருஷத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது, எங்களுக்கு அது தாண்டியிருந்தது. அவன் வேலை பார்த்த அச்சகத்தில் முதலாளி ஒரு கடிதம் கொடுத்தார். அடிபட்ட அண்ணனே நேரில் வந்து எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தார், இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கும். அதனால் தம்பி, ராணுவம் என்கிற வார்த்தையைப் பெரிதாகத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வேலைக்கு அவசரம் என்பதைக் கோர்ட் பார்க்காது, நடத்தையைப் பார்க்கும். ராலிக்குப் பதினொரு நாள் முன்னால் எங்கள் உத்தரவு கையில் கிடைத்தது.

ராலியில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிஷத்துக்குள் ஓடி முதல் குரூப்பில் வந்தான், அறுபது மார்க். பீமில் தொங்கிப் பத்து புல்-அப் முழுசாக எடுத்தான், நாற்பது. மெடிக்கலும் தேறிவிட்டான்.

நடுவில் நிரப்பச் சொன்ன படிவத்தில்தான் பிரச்சினை. வழக்கு ஏதும் நிலுவையில் உள்ளதா என்று மட்டும் கேட்டால் இல்லை என்று தைரியமாக எழுதலாம். எப்போதாவது கைது ஆனதுண்டா, தண்டிக்கப்பட்டதுண்டா என்று கேட்டால்? பாண்டை ரத்து செய்தது கண்காணிப்பைத்தான் நிறுத்தியது, குற்றவாளி என்ற தீர்ப்பு அங்கேயே இருக்கிறது. வக்கீல் அதே சட்டத்தின் பிரிவு 12ஐக் காட்டினார், நன்னடத்தையில் விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு எதுவும் கிடையாது என்கிற பிரிவு. "அதனால இல்லைன்னே எழுதலாம்" என்றார். தம்பிக்கும் அதுதான் ஆசை. நான்தான் விடவில்லை. அந்தப் பிரிவு தீர்ப்பையே அழித்துவிடாது என்று 1990இலேயே உச்ச நீதிமன்றம் ஒரு சி.ஆர்.பி.எஃப் காவலர் வழக்கில் சொல்லியிருக்கிறது. 2016இல் அவதார் சிங் வழக்கில் அதே கோர்ட்டின் மூன்று நீதிபதிகள், வேலைக்குச் சேரும்போது வழக்கை மறைத்தல் பற்றி விரிவாகவே சொன்னார்கள். ராத்திரி போனில் தேடித் தேடிப் படித்தேன். சாதாரணச் சண்டையை மறைத்திருந்தால் சில நேரம் மன்னிக்க இடமுண்டு, ஆனால் அது வேலை கொடுப்பவர் கையில். அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது: உண்மையைச் சொன்னாலும் உன்னை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது. அந்த வரியையும் நான் படித்தேன். படித்துவிட்டுத்தான் "ஆம்னு எழுதுடா" என்றேன்.

எழுதினான். உத்தரவின் நகலையும் வைத்தான். எழுத்துத் தேர்வும் எழுதினான். கடைசிப் பட்டியலில் அவன் நம்பர் இல்லை.

காரணம் யாரும் சொல்லவில்லை. எழுத்துத் தேர்வில் மார்க் குறைந்திருக்கலாம், அவனுக்குக் கணக்கு எப்போதுமே தகராறுதான். இல்லை அந்த "ஆம்"தானா? அவன் முடிவு செய்துவிட்டான், என்னால்தான் என்று. ஒரு வருஷம் என்னோடு சரியாகப் பேசவில்லை. இப்போது கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான், நல்ல சம்பளம்தான், பேசுகிறான், அந்தப் பேச்சை மட்டும் எடுப்பதில்லை. எஃப்.ஐ.ஆரில் பெயர் வராத சித்தப்பா மகன் அதே ராலியில் தேறி, வெலிங்டனில் பயிற்சி முடித்து, முதல் லீவில் வந்தபோது ரயிலடிக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவன் என் தம்பிதான். நான் அன்றைக்கு அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

மறைக்கச் சொல்கிறேன் என்று யாரும் திரிக்க வேண்டாம், இன்றைக்குக் கேட்டாலும் "ஆம்" என்று எழுதத்தான் சொல்வேன். பயிற்சிக்குப் போன பிறகு போலீஸ் விசாரணையில் தெரிந்து திருப்பி அனுப்பினால் அது இன்னும் கேவலம். பொய் எழுதினான் என்பது சண்டை போட்டான் என்பதைவிடப் பெரிய கறை.

உங்களுக்கு முதல் வேலை, தீர்ப்பின் சான்றிட்ட நகல் எடுத்து அதில் எந்தப் பிரிவு என்று பாருங்கள். நிறையப் பேர் ஆர்.டி.ஓ. எனும் கோட்டாட்சியர் முன்னால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107, 110இல் எழுதிக் கொடுத்ததையும் நன்னடத்தைப் பிணை என்றுதான் சொல்கிறார்கள். இப்போது பி.என்.எஸ்.எஸ்.ஸில் அவை 126, 129. அது முன்னெச்சரிக்கைக்கு வாங்குவது, குற்றவாளி என்ற தீர்ப்பே கிடையாது, அப்படியிருந்தால் உங்கள் கதை எங்கள் கதையைவிட ரொம்ப லேசு. பிரிவு 4 என்று இருந்தால் இந்த மாதக் கையெழுத்துக்குப் போகும்போதே அலுவலரிடம் 8(3) என்று சொல்லிக் கேளுங்கள், சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு போங்கள். மேல்முறையீட்டுக்கு இன்னும் வழி உண்டா என்று மதுரையிலோ சென்னையிலோ வேறு ஒரு வக்கீலிடம் தனியாகக் கேளுங்கள், ஒப்புக்கொள்ளச் சொன்ன அதே ஆளிடம் வேண்டாம். எந்தப் பிரிவு என்று பார்த்துவிட்டு இங்கே எழுதினால், எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.